கடை நம்முடையது, உரிமம் யாருடையது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சில மாதங்களுக்கு முன்னர், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். அவருடைய மருமகன் அமீரகத்தில் மவுத்தாகி நாற்பது நாள்கூட நிறைவடையவில்லை. மகள் இத்தாவில் இருக்கிறாள். "ஹஜ்ரத், கடையைப் பங்கு வைக்க வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதித் தாருங்கள்" என்றார். நாம் காகிதத்தை எடுத்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்கும் என்று எழுதிக்கொண்டே, "லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டோம். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அர்பாப் பெயரில்" என்றார்.

பதினாறு ஆண்டுகள் அந்த மனிதர் கஃப்டீரியா நடத்தினார். தொடக்க முதலில் பாதி, மனைவியின் நகையை விற்ற பணம். லைசென்ஸ் அந்நாட்டுக்காரர் ஒருவர் பெயரில். வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் அவ்வாறே. கடையின் உரிமையாளரான நம் சகோதரருக்கோ சமையல்காரர் விசா. அந்த அரபி நல்ல மனிதர்தாம். ஆண்டுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு எதிலும் தலையிடாதவர். அவரும் முந்தைய ஆண்டு மவுத்தாகிவிட, உரிமம் அவருடைய மகன்களின் கைக்கு மாறியிருந்தது. அவர்கள் பெரியவரிடம் தொலைபேசியில் மரியாதையாகவே பேசியிருக்கிறார்கள்: "உங்கள் மருமகன் எங்கள் தந்தையின் கடையில் வேலை பார்த்தவர். அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணிக்கொடையை ஒரு திர்ஹம் குறையாமல் தந்துவிடுகிறோம்."

அவர்களைத் திட்டி என்ன பயன்? ஆவணங்கள் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். நாம் எழுதிய வாரிசுக் கணக்கில் பிழையில்லை. பிரிப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தக் கடை திறந்த நாளில் தொலைபேசி வழியே துஆச் செய்தவர்கள் நாமே. "வட்டிக் கடன் உண்டா? ஹராமான பொருள் ஏதும் விற்பனைக்கு உண்டா?" என்றெல்லாம் கேட்டோம். இல்லை என்றதும் பரக்கத்திற்காகக் கையேந்தினோம். "யார் பெயரில் திறக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

இது சட்டப் பிரச்சினை மட்டுமா?

வெளிநாட்டில் பிறர் பெயரில் கடை நடத்துவதை நம் ஊர்களில் யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. அதைச் சாமர்த்தியம் என்கிறோம். "நல்ல அர்பாப் கிடைத்திருக்கிறார்" என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொல்கிறார்கள். வட்டியைப் பற்றி ஜும்ஆ பயான்களில் முழங்குகிறோம். சீட்டு, லாட்டரி, வரதட்சணை பற்றியெல்லாம் பேசுகிறோம். பினாமி வியாபாரத்தைப் பற்றி ஒரு மிம்பரிலாவது பேசியிருக்கிறோமா? அந்த வியாபாரத்தின் வருமானத்தில் கட்டிய மதரஸாக்களில் அமர்ந்து ஓதிக்கொடுப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ஒருவர் கேட்டால், நமக்கு வலிக்கும். ஆனால் பதில் இராது.

மார்க்கத்தின் பார்வையில் இதன் நிலை என்ன? அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை முழுமையாக நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோரை ஏவுகிறது. விசா என்பது ஓர் ஒப்பந்தம். "இந்த வேலையைச் செய்வதற்காக, இந்த நிபந்தனைகளின்பேரில் உன் நாட்டில் தங்குகிறேன்" என்று கையெழுத்திட்டுவிட்டே நாம் விமானம் ஏறுகிறோம். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. ஹலாலை ஹராமாக்குகிற, ஹராமை ஹலாலாக்குகிற நிபந்தனை மட்டுமே அதற்கு விலக்கு. உன் பெயரில் பதிவு செய்துகொண்டு கடை நடத்து என்று ஓர் அரசு சொல்வதில் ஹராமானது எது?

"அது மனிதன் போட்ட சட்டம்தானே, ஷரீஅத் அன்றே" என்று வாதிடுவோர் உண்டு. பாவத்தை ஏவாத வரையில், பொது நலனுக்காக ஆட்சிப் பொறுப்பாளர் இடும் ஒழுங்குக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை என்பது மதரஸாவில் ஓதிய எவரும் அறிந்த பாடம். முஸ்லிமல்லாத நாடாயின் அங்கும் விலக்கில்லை. 'அமான்' எனும் பாதுகாப்பு உறுதியைப் பெற்று ஒரு நாட்டிற்குள் நுழைந்தவர் அந்நாட்டாருக்கு மோசடி செய்யலாகாது என ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகப் பேசுகின்றன. இன்றைய விசா அன்றைய அமானின் இடத்தில் நிற்கிறது.

கதவு திறந்த பிறகுமா கொல்லைப்புற வழி?

முன்பு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. அமீரகத்தின் பழைய கம்பெனிச் சட்டப்படி, ஃப்ரீ ஜோன்களுக்கு வெளியே ஓர் எல்.எல்.சி. தொடங்க வேண்டுமானால் 51 விழுக்காடு பங்கு அந்நாட்டுக் குடிமகனிடம் இருந்தாக வேண்டும். ஏட்டில் அவருக்கு 51. உண்மையில் அவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும். இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பினாமிப் பழக்கம் வேரூன்றியது. அப்போதும் அது அனுமதிக்கப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை. வணிக மறைப்பைத் தடுக்க அமீரகம் 2004-லேயே கூட்டாட்சிச் சட்டம் ஒன்றை இயற்றிவிட்டது.

இப்போது அந்தக் காரணமும் இல்லை. 2020-இல் வந்த 26ஆம் எண் ஆணைச் சட்டம் அந்த 51 விழுக்காட்டு நிபந்தனையை நீக்கியது. 2021 ஜூன் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பாதுகாப்பு போன்ற முக்கியத்துவம் வாய்ந்த சில துறைகள் நீங்கலாக, பெரும்பாலான வணிகங்களை வெளிநாட்டவர் நூறு விழுக்காடு தம் பெயரிலேயே நடத்தலாம். ஒரே ஒரு பங்குதாரரைக் கொண்டும் எல்.எல்.சி. அமைக்கலாம். எந்தெந்தத் தொழில்களுக்கு அனுமதி என்பதை ஒவ்வோர் அமீரகத்தின் பொருளாதாரத் துறையும் பட்டியலிட்டிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நம்மவர்கள் பழைய அர்பாபைத் தேடிச் செல்கிறார்கள் என்றால், தடை சட்டத்தில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

சொல்லப்படும் சாக்குகள்

"எங்கள் கஃபீல் தங்கமான மனிதர்" என்பது முதல் சாக்கு. இருக்கட்டும். அவர் மவுத்தாக மாட்டாரா? அவருக்கு வாரிசுகள் இல்லையா? அவர் கடன்பட்டால், கடன் கொடுத்தவர் அவர் பெயரில் உள்ள சொத்தைத்தானே தேடி வருவார்? ஒரு மனிதரின் நல்ல குணத்தை உங்கள் பிள்ளைகளின் ரிஸ்குக்குப் பிணையாக வைப்பதைத் தவக்குல் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

அவர் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். வாடகை கட்டாமல் போனால், ஊழியருக்குச் சம்பளம் நின்றால், கெட்ட உணவால் ஒருவர் நோயுற்றால், சட்டம் முதலில் தேடுவது உரிமத்தில் பெயர் உள்ளவரை. கடையை மூடிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிய நம்மவர்களால் வழக்கில் சிக்கிய அரபிகளும் இருக்கிறார்கள். அநீதி இரு பக்கமும் வெட்டும் கத்தி.

"எங்களுக்குள் தனியாக ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறோம்" என்பது இரண்டாவது சாக்கு. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கக் கற்பிக்கிறது. உண்மையை நிலைநாட்டுவதற்காகவே அந்த எழுத்து. பதிவேட்டில் ஒன்றை எழுதி, அலமாரியில் அதற்கு எதிரான ஒன்றைப் பூட்டி வைத்தால், இரண்டில் எது பொய்? சட்டத்தை மறைப்பதற்காக எழுதிய தாளை நீதிமன்றத்தில் நீட்டுகிறவர், தம் குற்றத்திற்குத் தாமே சாட்சி சொல்கிறார்.

"கஃபீலுக்குக் கொடுப்பது அவர் செய்யும் உதவிக்கான கூலி" என்பது மூன்றாவது. உண்மையாக வேலை செய்பவருக்குக் கூலி உண்டு. அலுவலகங்களுக்கு அலைந்து ஆவணம் முடித்துத் தருபவர் தம் உழைப்பிற்குப் பணம் பெறுவது ஹலால். ஆனால் வெறும் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்பதற்கென்றே கட்டணம் பெறுவதைப் பெரும்பான்மை ஃபகீஹ்கள் ஏற்கவில்லை. பெயரைப் பொய்யாகக் கொடுத்தால் அதற்கு மேலும் என்ன நியாயம் இருக்க முடியும்?

"எல்லோரும் செய்கிறார்கள்" என்பது கடைசிச் சாக்கு. மறுமையில் எல்லோரோடும் சேர்த்து நம்மை விசாரிக்கப்போவதில்லை, தனித்தனியாகத்தான் விசாரணை.

மதீனாவின் கடைத்தெருவில் ஒரு வெளியூர்க்காரர்

அயலூரில் சிறு வியாபாரம் தொடங்க விரும்புவோருக்கு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா? மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்த முஹாஜிர் அவர். அன்ஸாரியான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே தருவதாகச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாஉ சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று, சிறிது சிறிதாக உயர்ந்தார்கள். புகாரியில் வரும் இந்நிகழ்வை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்காட்டுகிறோம்.

இதில் நாம் கவனிக்க மறந்த ஒன்று உண்டு. அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களின் நிழலில் நின்று விற்கவில்லை. தம் கையால், தம் பெயரால், ஊர் அறிய விற்றார்கள். சிறியதாகத் தொடங்கினார்கள். நாமோ பெரியதாகத் தொடங்க வேண்டும் என்பதற்காகப் பெயரை விற்றுவிடுகிறோம்.

நேர்வழி எவ்வளவு கடினம்?

அமீரகத்தில் சொந்தப் பெயரில் கடை தொடங்கும் வழி, நம்மவர்கள் அஞ்சும் அளவுக்கு இருண்டதன்று. முதலில் தொழிலின் வகையைத் தெரிவு செய்து, கடைப் பெயரைப் பதிந்து, முதற்கட்ட ஒப்புதல் பெற வேண்டும். அடுத்தது இடம். துபாயில் வாடகை ஒப்பந்தத்தை ஈஜாரியில் பதிய வேண்டும்; அதில் கம்பெனியின் பெயரே இருக்க வேண்டும். உணவுக் கடையாயின் பலதியாவின் அனுமதி தனியே தேவை. சமையலறை வரைபடம் முதல் புகைபோக்கி வரை பார்ப்பார்கள். அதற்கு முன்பே முன்பணத்தைக் கொட்டிவிட வேண்டாம். பின்னர்ப் பங்கு ஒப்பந்தம், உரிமம், தொழிலாளர் துறையிலும் குடியேற்றத் துறையிலும் நிறுவனப் பதிவு, இறுதியாக உங்களுக்குப் பங்குதாரர் விசா. இன்னொருவரிடம் வேலை விசாவில் இருந்துகொண்டே அவர் அறியாமல் இவற்றைச் செய்யாதீர்கள். அதுவும் நிபந்தனையை மீறுவதே.

ஃப்ரீ ஜோனில் மலிவாக உரிமம் கிடைக்கிறது என்று டைப்பிங் சென்டரில் யாரேனும் சொல்லலாம். அந்த உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெருமுனையில் பகாலா திறந்துவிட முடியாது. எந்த உரிமம் எந்த இடத்திற்கு, எந்தத் தொழிலுக்கு என்று பொருளாதாரத் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை திறந்த பின்னும் கடமைகள் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் 5 விழுக்காட்டு வாட் வரிக்குப் பதிந்தாக வேண்டும். 2023 ஜூன் முதல் கம்பெனி வரியும் வந்துள்ளது. 3,75,000 திர்ஹத்திற்கு மேற்பட்ட லாபத்திற்கு 9 விழுக்காடு. லாபம் குறைவு என்பதற்காகப் பதிவு செய்யாமல் இருக்கக் கூடாது. கணக்கை ஒழுங்காக எழுதுபவருக்கு ஸகாத்தைக் கணக்கிடுவதும் எளிதாகும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

குடும்பத்தார் உதவுவது பற்றியும் ஒரு சொல். "வீட்டுக்காரிதானே, மச்சான்தானே, கடையில் கொஞ்சம் நிற்கட்டும்" என்பது நம் வழக்கம். குடும்ப விசாவிலோ விசிட் விசாவிலோ இருப்பவர் வேலை அனுமதி இன்றிக் கடையில் வேலை செய்யலாகாது. அனுமதியின்றி ஆள் வைப்போருக்கான அபராதத்தை 2024-இல் அமீரகம் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை உயர்த்தியது. ஒரு நாள் உதவி பத்து ஆண்டு உழைப்பைத் தின்றுவிடும். ஊர்ப் பையன்களுக்கு 'ஃப்ரீ விசா' என்று விற்று, வந்தபின் எங்கேனும் வேலை தேடிக்கொள் என்று கைவிடுவோரும் இதைப் படிக்கட்டும். அந்தப் பையனின் தாய் விற்ற வளையலுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செலவு அதிகம் என்பீர்கள். ஆம், செலவு உண்டு. அர்பாபுக்கு ஆண்டுதோறும் கொடுத்த தொகையைப் பதினாறால் பெருக்கிப் பாருங்கள். அப்படியும் முதல் போதவில்லை என்றால், இருவர் மூவர் முறையாகப் பங்கு சேருங்கள். முஷாரகாவும் முளாரபாவும் கிதாபில் ஓதுவதற்கு மட்டுமா? யாருக்கு எத்தனை பங்கு, நட்டத்தை யார் ஏற்பது என்பது பதிவான ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நகை கொடுத்த மனைவியையும் பங்குதாரராகச் சேருங்கள். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன மார்க்கம் இது என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை நம் கடையின் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவாவது இருக்க வேண்டாமா?

கதவு மூடியிருந்தால்?

எல்லா நாடுகளிலும் நிலை ஒன்றன்று. ஸவூதியில் பிறர் பெயரில் வியாபாரம் செய்வதைத் 'தசத்துர்' என்கிறார்கள். 2020-இல் வந்த சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை, ஐம்பது லட்சம் ரியால் வரை அபராதம். வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். பெயர் கொடுத்த ஸவூதிக்கும் தண்டனை உண்டு. திருத்திக்கொள்வதற்கு 2022 பிப்ரவரி வரை அவகாசமும் கொடுத்தார்கள். வெளிநாட்டவர் சொந்தத் தொழில் செய்ய அங்கே முதலீட்டு அமைச்சகத்தில் பதிய வேண்டும். சில்லறை வணிகத்தில் அதற்கான மூலதன நிபந்தனை நம் சிறு வியாபாரிகளின் கைக்கு எட்டாதது. மலேசியாவில், குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ அல்லாதவர் தனிநபர் வணிகமாகப் பதிய முடியாது. கம்பெனியாகவே வர வேண்டும்.

அப்படியானால் அந்நாடுகளில் சிறு முதலோடு நிற்பவர் என்ன செய்வது? கசந்தாலும் விடை ஒன்றுதான்: முடியாது என்றால் முடியாது. சம்பளத்திற்கு வேலை செய்யுங்கள், சேமியுங்கள், சட்டம் இடங்கொடுக்கும் நாட்டிலோ நம் சொந்த ஊரிலோ கடை திறவுங்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர், அது ஒரு குறிப்பிட்ட நாட்டின் ஒரு குறிப்பிட்ட தெருவில்தான் இருக்கிறது என்று அடம்பிடிக்க மாட்டார்.

இன்று செய்ய வேண்டியது

ஏற்கெனவே பிறர் பெயரில் நடத்துகிறவர்களே! உங்களை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. உங்களில் பலர் வேறு வழி இல்லாத காலத்தில் தொடங்கியவர்கள். உங்கள் கஃபீல் உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும்போதே, அமர்ந்து பேசி உரிமத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பயந்து தள்ளிப்போடும் அந்தப் பேச்சை, நாளை உங்கள் விதவை பேச வேண்டியிருக்கும். மாற்றும் வரையில் உங்கள் கடன்களையும், உங்களிடம் உள்ள அமானிதங்களையும், கடையில் யார் யாருக்கு என்ன உரிமை என்பதையும் எழுதி வையுங்கள். வஸிய்யத்துச் செய்ய வேண்டியது ஏதேனும் உள்ள முஸ்லிம் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை.

ஜமாஅத் நிர்வாகிகளே! மாப்பிள்ளைக்கு 'சொந்தக் கடை' என்று சொல்லப்படும்போது, அது யார் பெயரில் என்று பெண் வீட்டார் கேட்கட்டும். அதை அநாகரிகம் என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஆலிம்களே! நம்மைத்தான் கடைசியாகச் சொல்கிறோம், ஆனால் முதலில் திருந்த வேண்டியவர்கள் நாமே. இனி கடை திறப்புக்குத் துஆக் கேட்டு யார் வந்தாலும், "வட்டி உண்டா?" என்பதோடு "உரிமம் யாருடையது?" என்றும் கேட்போம். சரியான விடை வரும் வரை துஆவைத் தாமதிப்போம். அந்தச் சகோதரர் கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. மதரஸாவுக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தினாலும் பரவாயில்லை.

அன்று எழுதிய அந்தக் காகிதத்தை நாம் கிழிக்கவில்லை. எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற கணக்கோடு அது நம் கிதாபுக்குள் இருக்கிறது. இத்தா முடிந்ததும் அந்தச் சகோதரி வேலைக்குப் போகப்போவதாகப் பெரியவர் சொன்னார்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் வெளிச்சமுள்ளதாகவும் ஆக்கி வைப்பாயாக. எங்கள் பிள்ளைகளின் உரிமையை எங்கள் கைகளாலேயே பாழாக்குவதிலிருந்து எங்களைக் காப்பாயாக. கேட்க வேண்டியதைக் கேட்காமல் போன எங்கள் பிழையை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.